சின்னப் பிள்ளைகளோடு கப்பல் பயணம்: மலையகத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சித்திரை விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேர் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், ஏழு வயது மகள், மூன்று வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்த மகன், என் மாமியார். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டதால்தான் முடிந்தது. பயணம் நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதம் பட்ட அலைச்சல் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம். இலங்கை மலையகத்தின் ஹட்டனில், கொட்டகலையில், பண்டாரவளையில் இருந்து இப்படிப் போய் வந்த ஒருவரை எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அவரிடம் என்னவெல்லாம் கேட்டிருப்பேனோ, அதைத்தான் எழுதுகிறேன்.

1. கடைக்குட்டியின் வயதிலிருந்து தொடங்குங்கள்

கப்பல் எவ்வளவு பெரியது, எத்தனை சறுக்கு இருக்கிறது என்று படம் பார்ப்பதற்கு முன்னால், கப்பல் ஏறும் நாளில் உங்கள் கடைசிப் பிள்ளைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த ஓர் எண்தான் பாதியைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான கம்பனிகள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கடலிலேயே ஓடும் நீண்ட பயணம் என்றால் பன்னிரண்டு மாதம் கேட்பார்கள். கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் கழகம் இருக்கும். அது இலவசம்தான். ஆனால் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், பேம்பர்ஸ் இல்லாமல் தானாகக் கழிப்பறைக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது.

எங்கள் மகனுக்கு இரண்டும் இல்லை. முதல் நாள் அக்காவைக் கொண்டுபோய் விட்டபோது அவனும் கூடவே ஓடினான். வாசலில் நின்ற பெண் குனிந்து அவனிடம் பெயர் கேட்டார், திரையில் பிறந்த திகதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். அவன் கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே நடந்த பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு நாளும் அந்தக் கதவடிக்கு வந்தான். மூன்று மாதம் கழித்துப் போயிருந்தால் அவனும் உள்ளே இருந்திருப்பான் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் இரண்டு வழி. ஒன்று, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு அறை உள்ள கப்பலாகத் தேடுங்கள். எல்லாக் கப்பலிலும் அது கிடையாது. இருக்கும் இடத்தில் மணிக்கணக்கில் காசு எடுப்பார்கள், இடமும் சீக்கிரம் நிறைந்துவிடும்.

நீச்சல் குளத்திலும் இதே சிக்கல்தான். பேம்பர்ஸ் கட்டும் பிள்ளையைப் பொதுக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்றே விற்கும் பேம்பர்ஸ் கட்டினாலும் விடமாட்டார்கள். அவர்களுக்கென்று தண்ணீர் பீச்சியடிக்கும் தனி இடம் இருக்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், பயணம் முடியும் நாளில் 24 வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கம்பனிகளின் கட்டுப்பாடு. மருத்துவரின் கடிதமும் கேட்பார்கள்.

2. கடவுச்சீட்டுகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்

பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்து வருடம் செல்லும். பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் எடுப்பது மூன்று வருடத்துக்குத்தான். அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது காலாவதியாகிவிடும். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எங்கள் மகளுடையதில் நான்கு மாதம்தான் மிச்சம் இருந்தது. நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்பே கண்ணில் பட்டது.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் தேவை. நம் பக்கத்தில் தாயோ தந்தையோ கட்டாரிலும் துபாயிலும் வேலை செய்யும் வீடுகள் அதிகம். அப்படியென்றால் அங்கேயுள்ள இலங்கைத் தூதரகம் மூலம் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதம் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஒதுக்கி வையுங்கள். கடவுச்சீட்டுக்கான படத்தை எல்லா ஸ்டூடியோவிலும் எடுக்க முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுத்தால் அவர்களே கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். அந்தப் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகம்வரை போகத்தான் வேண்டும் என்றில்லை, கண்டியிலும் கிளை அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் முன்பதிவு முறையும் மாறிக்கொண்டே இருப்பதால் திணைக்களத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

அப்புறம் பெயர். நம்மை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது அப்பாவின் கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பிள்ளையினுடையதில் வேறு மாதிரி ஆகிவிடும். "ராஜேந்திரன்" என்பதை மட்டும் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கப்பல் டிக்கட்டில் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துதான் இருக்க வேண்டும், ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. முகவரிடம் போனில் பெயர் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் படத்தை அனுப்புங்கள், அவர் பதிவு செய்து அனுப்பும் தாளை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் நமக்கு அப்பா பெயர்தான் வரும். என் பெயரோடு என் அப்பா பெயர், பிள்ளைகளின் பெயரோடு அவர்கள் அப்பா பெயர். வெளிநாட்டு அதிகாரி பார்க்கும்போது தாய்க்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரித் தெரியும். அதனால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்குப் போடுங்கள். அது முடியும்வரை கப்பலுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

3. கப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

சிங்கப்பூருக்கு நம் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, 30 நாள்வரை தங்கலாம். வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை.

ஆனால் சிங்கப்பூரில் ஏறும் கப்பல் பினாங்கிலோ போர்ட் கிளாங்கிலோ நின்றால் அது மலேசியா. மலேசியாவுக்கு நமக்கு விசா வேண்டும். "இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறோம்" என்றாலும், விசா இல்லையென்று ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பலாம். எங்களுக்கு டிக்கட் போட்ட முகவர், கப்பல் பயணிகளுக்கு விசா கேட்க மாட்டார்கள் என்று இரண்டு முறை உறுதியாகச் சொன்னார். சந்தேகம் தீராமல் கப்பல் கம்பனிக்கே மின்னஞ்சல் எழுதினேன். கட்டாயம் வேண்டும் என்று பதில் வந்தது. ஐந்து பேருக்கும் அவசரமாக இணையத்தில் விண்ணப்பித்தோம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கடைசி விசா வந்தது, அது மாமியாருடையது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

எனவே வழியில் உள்ள ஒவ்வொரு துறைமுகத்தையும் எழுதி, "இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தத் துறைமுகத்தில் விசா தேவையா?" என்று கப்பல் கம்பனியிடமே எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எங்கும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணத்தைத் தெரிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் நல்லது என்பது என் அபிப்பிராயம். பினாங்கில் நாங்கள் இறங்கி வெயிலில் மூன்று மணித்தியாலம் சுற்றினோம். குளிரில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இருவரும் சுருண்டுவிட்டார்கள்.

4. நமக்கு எட்டும் கப்பல்கள்

சிங்கப்பூரிலிருந்து வருடம் முழுக்கக் கப்பல்கள் கிளம்புகின்றன. இரண்டு இரவிலிருந்து ஐந்து இரவுவரை கிடைக்கும். முதல் முறைக்கு மூன்று இரவு போதும்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் நான் முதலில் பார்ப்பது டிஸ்னி அட்வென்ச்சர். 2026 மார்ச் முதல் சிங்கப்பூரைத் தளமாக வைத்து ஓடுவது. மூன்று, நான்கு இரவுப் பயணங்கள், வேறு எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. குழந்தைப் பராமரிப்பு அறையும் உண்டு. விலைதான் மற்றவற்றைவிடக் கூட.

ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஆறு, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பம்பர் கார், ஏறும் சுவர், செயற்கை அலை எல்லாம் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உயரமோ வயதோ பார்ப்பார்கள். உங்கள் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் அளந்துகொண்டு பிறகு ஆசை காட்டுங்கள்.

கெந்திங் டிரீம் கப்பலில் ஹலால் சான்றிதழ் பெற்ற சாப்பாடும் தனிச் சைவச் சாப்பாடும் உண்டு. வீட்டில் சுத்த சைவம் சாப்பிடும் பெரியவர்கள் வருவதென்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் கப்பல் மலேசிய, தாய்லாந்துத் துறைமுகங்களுக்குப் போகும், அதனால் மூன்றாம் பகுதியில் சொன்ன விசா விஷயம் இங்கே முக்கியம்.

சென்னை வழியும் உண்டு. 2023 ஜூனிலிருந்து கோர்டேலியா எம்ப்ரஸ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்து போயிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் தடம் மாறும். நீலகிரியிலும் கூடலூரிலும் சொந்தங்கள் இருக்கிறவர்களுக்கு இரண்டு காரியமும் ஒரே பயணத்தில் முடியும். கப்பல் இந்தியாவை விட்டு வெளியே போய்த் திரும்பினால் மறுபடி நுழைகிறீர்கள் என்றுதான் கணக்கு. ஒரு நுழைவுக்கு மட்டுமான விசாவோடு ஏறாதீர்கள்.

5. அறை

ஓர் அறையில் பெரும்பாலும் நான்கு பேர்தான். கைக்குழந்தையும் ஓர் ஆளாகவே கணக்கு, உயிர்காப்புப் படகில் அதற்கும் இடம் வேண்டும் அல்லவா? எங்களைப் போல ஐந்து பேர் என்றால் இரண்டு அறை. நடுவில் கதவு உள்ள இரட்டை அறையாகக் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறியதால் மாமியார் நடைபாதையின் அந்தக் கோடியில் தனியாக இருந்தார்.

மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மேலிருந்து இறங்கும் கட்டில் கிடைக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அதில் படுக்க வைக்காதீர்கள். தொட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். அறைக்குள் குளியல் தொட்டி அநேகமாக இருக்காது, ஷவர்தான். குழந்தையைக் குளிப்பாட்ட ஊதிப் பெரிதாக்கும் சின்னத் தொட்டி ஒன்று கொண்டு போனால் உதவும்.

பலகணி உள்ள அறை அழகுதான். ஆனால் ஓடியாடும் இரண்டு வயதுப் பிள்ளையோடு எனக்கு அது நிம்மதி தராது. ஜன்னல் அறை போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு. கித்துல்கல வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் கடலிலும் எடுப்பார்கள் என்று பயந்தேன். எங்கள் மகள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல்.

6. விளம்பர விலை உண்மை விலை அல்ல

விளம்பரத்தில் போடுவது இரண்டு பேர் ஓர் அறையில் தங்கும்போது ஒருவருக்கான விலை. "பிள்ளைகளுக்கு இலவசம்" என்று வந்தாலும் துறைமுக வரி அவர்களுக்கும் உண்டு. இதோடு ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 16 முதல் 20 அமெரிக்க டொலர்வரை ஆகும், பிள்ளைகளையும் சேர்த்துத்தான். நான்கு பேருக்கு மூன்று இரவு என்றால் 192 முதல் 240 டொலர்வரை வரும். இதை ரூபாவில் மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணையம், குளிர்பானம், கப்பலில் எடுத்துத் தரும் படம், கரையில் சுற்றுலா எல்லாம் தனிக் காசு. தண்ணீர், தேநீர், பொதுச் சாப்பாட்டு மண்டபம் ஆகியவற்றுக்குக் காசில்லை. எங்களுக்கு டிக்கட் விலைக்கு மேல் ஏறக்குறைய பாதிப் பணம் வெளியே போனது, விமான டிக்கட் சேர்க்காமல். கப்பலில் கைக்காசு செல்லாது, அறை அட்டையில் கணக்கு ஏறிக் கடைசியில் கடனட்டையில் கழியும். உங்கள் வங்கியிடம் வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். டெபிட் அட்டை கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வார்கள், திரும்பி வர நாளாகும்.

பணம் கட்டும் முன் இன்னொன்று கேளுங்கள்: எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்? பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது நாள் பார்த்து வருவதில்லை.

7. எந்த மாதம்

விலை ஏறுவது சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையில்: மார்ச்சில் ஒரு வாரம், ஜூன், செப்டெம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை. நம் சித்திரை விடுமுறையும் ஆகஸ்ட் விடுமுறையும் அதற்கு வெளியே விழுகின்றன. இது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள். பெரிய வெள்ளி, சிங்கப்பூரின் தேசிய தினமான ஆகஸ்ட் 9 ஆகிய நாட்களை ஒட்டிய வார இறுதிகளை மட்டும் தவிருங்கள். டிசம்பரில் விலையும் கூட, தென்சீனக் கடல் பக்கம் அலையும் கூட.

ஆறு மாதம் முன்பு தொடங்குங்கள். முதல் இரண்டு மாதம் ஆவணம், பிறகு முன்பணம், கடைசி இரண்டு மாதம் விசாவும் காப்புறுதியும்.

8. காப்புறுதியும் உடம்பும்

கப்பல் பயணத்தையும் சேர்த்துக் காப்பளிக்கிறதா, கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கப்பல் மருத்துவரைப் பார்த்தால் டொலரில் பில் வரும். வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்பார்கள், மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க. சாப்பாட்டு மண்டபத்துக்குள் போகும்போதெல்லாம் பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வையுங்கள், சானிடைசர் மட்டும் போதாது.

9. பைக்குள்

கேத்தல், சோறு ஆக்கும் மின்குக்கர், அயன் எதற்கும் அனுமதியில்லை. ஊதுபத்தி, சூடம், மெழுகுவர்த்திக்கும் இல்லை, எல்லாம் தீப் பயம் காரணமாக. மாமியார் சின்னச் சாமிப் படத்தோடு வைத்திருந்த சூடப் பெட்டியை ஏறும் இடத்திலேயே எடுத்துவிட்டார்கள். படத்தை விட்டுவிட்டார்கள். வீட்டில் சமைத்த சாப்பாடும் கூடாது. பால்மா, குழந்தை உணவு சீல் உடைக்காத பெட்டியில் இருந்தால் பிரச்சினையில்லை, பால்மாவுக்குச் சுடுநீர் கேட்டால் தருவார்கள். பேம்பர்ஸை கணக்குப் பார்க்காமல் எடுத்துப் போங்கள், கப்பல் கடையில் விலை அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு சுவெட்டர். கப்பலுக்குள் ஏசி நுவரெலியா விடியற்காலையை நினைவுபடுத்தும்.

பெரிய பைகளை ஏறும்போது வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். மருந்து, பால்மா, பேம்பர்ஸ், ஒரு மாற்றுடுப்பு, நீச்சல் உடுப்பு கைப்பையில் இருக்கட்டும்.

10. வீட்டிலிருந்து கப்பல்வரை

கப்பல் கிளம்பும் நாளிலேயே சிங்கப்பூரில் இறங்குவது போல டிக்கட் போடாதீர்கள். ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். விமானம் நான்கு மணித்தியாலம்தான், ஆனால் ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் போவதே அதைவிட நேரம் எடுக்கும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் ஒரு மண்சரிவு போதும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்துப் பாதைகள் எப்படி அடைபட்டன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மே மாதத்திலிருந்தும் ஒக்டோபர் மாதத்திலிருந்தும் மழைக்காலம், அப்போது கிளம்பினால் முந்தின நாளே நீர்கொழும்புப் பக்கம் வந்து தங்குங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது, பிள்ளைகளின் தூக்கம் குழம்பும். லிட்டில் இந்தியாப் பக்கம் அறை எடுத்தால் இட்லி, தோசைக்கு அலைய வேண்டாம்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும் முனையம் இரண்டு இருக்கின்றன: மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட். உங்கள் டிக்கட்டில் எது என்று பார்த்து வாடகைக் காருக்குச் சொல்லுங்கள். ஏறும் நேரத்தை இணையத்தில் முன்பே தெரிவு செய்யலாம், பிள்ளைகளின் பகல் தூக்கத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே வாசலை மூடிவிடுவார்கள். ஏறியதும் அவசரகாலப் பயிற்சி கட்டாயம். அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் குழந்தைக்கான உயிர்காப்பு அங்கி கேட்டு, பிள்ளையின் உடம்பில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

11. இறங்கும் நாள்

கடைசி இரவு பைகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில்தான் அவற்றை மறுபடி பார்ப்பீர்கள். விடிந்ததும் போடும் உடுப்பு, செருப்பு, பேம்பர்ஸ், கடவுச்சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டுப் பையைப் பூட்டுங்கள். சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைவதால் வருகை அட்டை திரும்பவும் தேவையா என்று முந்தின நாளே கப்பல் மேசையில் கேளுங்கள். கப்பல் காலையில் வந்தாலும் வரிசை நீளும், மதியத்துக்கு முந்திய விமானத்தை எடுக்காதீர்கள். நாங்கள் இரவு விமானம் எடுத்தோம். கட்டுநாயக்கவில் இறங்கியபோது நடுச்சாமம், வேன்காரரை முன்பே சொல்லி வைத்திருந்தோம், கொட்டகலை வரும்வரை இரண்டு பிள்ளைகளும் எழும்பவில்லை.